டீம் ஃபைட்டில் கேரி யாரை அடிக்க வேண்டும், எப்போது உள்ளே போக வேண்டும்?

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் போன்ற, ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் விளையாட்டில் கேரி ஆடும் ஒருவர் (கேரி என்றால் அணியின் பெரும்பகுதி டேமேஜைத் தரும், ஆனால் எளிதில் சாகும் ஆள்) கேட்ட கேள்வி இதுதான்: “லேனில் நன்றாகத்தான் ஆடுகிறேன். ஃபார்மில் குறைவில்லை, பொருள்களும் நேரத்துக்கு முடிந்துவிடுகின்றன. ஆனால் ஐந்துக்கு ஐந்து சண்டை தொடங்கிய இரண்டாவது நொடியில் செத்துக் கிடக்கிறேன். அதற்குப் பயந்து பின்னால் நின்றால் ‘டேமேஜ் எங்கே’ என்று கூட ஆடுபவர்கள் திட்டுகிறார்கள். கேரி யாரை அடிக்க வேண்டும், எப்போது உள்ளே போக வேண்டும்?”

சுருக்கமான பதில்: ஆபத்தில்லாமல் எட்டக்கூடியவர்களில் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவரை அடியுங்கள். உங்களைக் கொல்லக்கூடிய ஒன்றிரண்டு ஸ்கில்கள் செலவாகும்வரை அவற்றுக்கு எட்டும் இடத்தில் நிற்காதீர்கள். இதை ஏற்கெனவே யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சொன்னவர்கள் ஏன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். காரணம் புரியாவிட்டால் சண்டையின் பரபரப்பில் இந்த விதி நினைவுக்கே வராது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெரும்பாலான உதாரணங்கள் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸிலிருந்து வரும். டோட்டா 2, மொபைல் லெஜெண்ட்ஸ், ஓவர்வாட்ச் எங்கே மாறுபடுகின்றன என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கேரி ஒரு சண்டையில் தரும் மொத்த டேமேஜ் என்பது நொடிக்கு எவ்வளவு என்பதை எத்தனை நொடி என்பதால் பெருக்கி வருவது. நொடிக்கு 500 தரும் கேரி 2 நொடி நின்று செத்தால் 1000. அதே கேரி கொஞ்ச நேரத்தை விலகுவதிலும் நகர்வதிலும் செலவழித்து நொடிக்கு 300தான் தந்தாலும், 10 நொடி நின்றால் 3000. மூன்று மடங்கு. எல்லோரும் முதல் எண்ணை ஏற்றத்தான் பாடுபடுகிறோம். இன்னொரு க்ரிட் பொருள், இன்னும் கொஞ்சம் அட்டாக் ஸ்பீட். அந்த எண் ஒரு பொருளுக்குப் பத்து, இருபது சதவீதம் ஏறினாலே பெரிய விஷயம். இரண்டாவது எண்ணோ, எங்கே நிற்கிறீர்கள் என்பதை மட்டும் மாற்றினால் ஐந்து மடங்காகும். உங்கள் பிரச்சினை முழுக்க இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது. பொருள் வரிசையை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது யாரை அடிப்பது என்ற பழைய தகராறு. டேங்க் என்பவன் முன்வரிசையில் நின்று அடி வாங்குபவன். “டேங்க்கை ஏன் அடிக்கிறாய், அவங்க கேரியை அடி” என்று சாட்டில் எழுதுபவர் ஒவ்வொரு மேட்சிலும் ஒருவராவது இருப்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு, அதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் கவசம் 100 இருந்தால் நீங்கள் அடிக்கும் அடியில் பாதிதான் இறங்கும். 200 என்றால் மூன்றில் ஒரு பங்கு, 300 என்றால் நான்கில் ஒரு பங்கு. 4000 ஹெச்பியும் (உயிர்ப் புள்ளி) 200 கவசமும் உள்ள டேங்க்கை வீழ்த்த 12,000 டேமேஜ் அடித்தாக வேண்டும். 2200 ஹெச்பியும் 80 கவசமும் உள்ள எதிரி கேரிக்கு 4000-க்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். மூன்று மடங்கு வித்தியாசம். இதைப் பார்த்தால் திட்டுபவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும்.

ஆனால் அந்த 4000-ஐ அடிக்க நீங்கள் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு சொல்வதில்லை. எதிரி கேரி அவர்களின் வரிசையில் கடைசியில் நிற்கிறான். அவனை எட்ட வேண்டுமானால் டேங்க்கைத் தாண்டி, சப்போர்ட்டின் (கூட்டாளிகளைக் காப்பவர்) கண்ணில் பட்டு, மிட் மேஜின் (நடு லேனில் ஆடும் மந்திரவாதி) ரேஞ்சுக்குள் நுழைய வேண்டும். அதாவது ஐந்து பேரும் உங்களை அடிக்கக்கூடிய ஒரே இடத்துக்கு நீங்களாக நடந்து போகிறீர்கள். அங்கே உங்களுக்குக் கிடைப்பது அந்த இரண்டு நொடிதான். டேங்க்கை அடிக்கும்போதோ எதிரே அவன் ஒருவன்தான் இருக்கிறான், பத்து நொடி அடிக்கலாம். அதோடு நீங்கள் மட்டும் அவனை அடிக்கப் போவதில்லை. உங்கள் ஆட்களின் பெரும்பாலான ஸ்கில்களும் முன்னால் வந்தவன்மேல்தான் விழும். கவசத்தில் 35 சதவீதத்தைத் துளைக்கும் பொருள் ஒன்று கையில் இருந்தால் அந்த 200 கவசம் 130 ஆகிவிடும், 12,000 என்பது 9200 ஆகக் குறையும். முன்னால் நிற்கும் டேங்க் செத்ததும் அவர்கள் வரிசையே பின்வாங்கும். நீங்கள் எட்ட ஆசைப்பட்ட அந்தக் கேரியை மறைக்க அப்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. எதிரி கேரி தானாகவே உங்கள் ரேஞ்சுக்குள் வந்து நின்றால், நீங்கள் ஒரு அடிகூட முன்னால் போகத் தேவையில்லை என்றால், டேங்க்கை விட்டுவிட்டு அவனை அடியுங்கள். ஒன்றிரண்டு அடியில் முடிந்துவிடும் நிலையில் ஒருவன் இருந்தாலும் அப்படித்தான். முன்னால் நிற்பவன் அடிபடாத நிலையில் இருந்தால், உதாரணமாக ஸோன்யா என்ற பொருளைப் பயன்படுத்திப் பொன்னிறமாக உறைந்து நின்றால், அவனை விட்டு அடுத்தவனுக்குப் போங்கள். எல்லா விதிவிலக்குகளிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள்: நிற்கும் இடம் மாறுவதில்லை, அடிபடும் ஆள்தான் மாறுகிறான். இடத்தை முடிவு செய்துவிட்டு, அந்த இடத்திலிருந்து யாரை அடித்தால் லாபம் என்று பார்ப்பதுதான் சரியான வரிசை. சாகிறவர்கள் யாரை அடிப்பது என்று முதலில் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவு அவர்களைத் தப்பான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

சரி, இடத்தை எப்படி முடிவு செய்வது? “பாதுகாப்பான தூரத்தில் நில்” என்பது பலரும் சொல்வது. அதைக் கேட்டால் ஏதோ ஒரு நிரந்தரமான தூரம் இருப்பதுபோலத் தோன்றும். அப்படி ஒன்று கிடையாது. ஜிங்க்ஸ் என்ற கேரியை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் கன்னில் அவளுடைய ரேஞ்ச் 525. ராக்கெட்டை முழு அளவுக்கு ஏற்றினால் 725, அதாவது அந்த விளையாட்டில் சாதாரண அடிக்கு மிக நீளமான ரேஞ்சுகளில் ஒன்று. எதிரே மால்ஃபைட் என்ற டேங்க் இருக்கிறான். அவனுடைய அல்டியின், அதாவது மிகப் பெரிய ஸ்கில்லின், தூரம் 1000. பாயத் தொடங்கிவிட்டால் வழியில் எதனாலும் தடுக்க முடியாது. விழுந்த இடத்தில் இருப்பவர்கள் ஒன்றரை நொடி காற்றில் தூக்கப்படுவார்கள். 725-இல் நின்று அடித்தாலும் நீங்கள் 1000-க்குள்தான் இருக்கிறீர்கள். மால்ஃபைட்டிடம் அல்டி இருக்கும்போது, அவனை அடித்துக்கொண்டே அவனுக்கு எட்டாமல் நிற்க ஜிங்க்ஸால் முடியவே முடியாது. அந்தத் தூரம் விளையாட்டிலேயே இல்லை.

ஆகவே தூரத்தைவிடக் கூல்டவுனைத்தான், அதாவது ஒரு ஸ்கில் மறுபடி தயாராக ஆகும் நேரத்தைத்தான், எண்ண வேண்டும். மேட்ச் லோட் ஆகும்போது எதிரணியின் ஐந்து பேரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவர்களிடம் இருக்கும் எந்த ஸ்கில் பட்டால் நான் அதோடு முடிந்தேன்? இருபது ஸ்கில்லையும் நினைவில் வைக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும், சில நேரம் மூன்று. மால்ஃபைட்டின் அல்டி, பாய்ந்து கொல்லும் அசாஸினான ஸெட்டின் அல்டி. அவ்வளவுதான். ஒரியானாவின் பந்து, ஆஷின் அம்பு எல்லாம் வலிக்கும், ஆனால் பார்த்து நகர்ந்து தப்பிக்கலாம். அந்த இரண்டும் கையில் இருக்கும்வரை நீங்கள் ஒரு ஆள், செலவான பிறகு நீங்கள் வேறு ஆள். மால்ஃபைட்டின் அல்டி கடைசி லெவலில்கூட 80 நொடிக்கு ஒரு தடவைதான் (கூல்டவுனைக் குறைக்கும் பொருள் வாங்கினால் இன்னும் சீக்கிரம் வரும், டேப் அழுத்திப் பாருங்கள்). ஒரு டீம் ஃபைட் அநேகமாக 15, 20 நொடியில் முடிந்துவிடும். அதாவது ஒரு சண்டைக்கு ஒன்று. அது யார்மேல் விழுந்தாலும் சரி, விழுந்த நொடியிலிருந்து சண்டையின் மீதி நேரம் உங்களுடையது.

ஒரு சண்டையை நொடி நொடியாகப் பார்ப்போம். இரண்டு அணியும் போட்டியிடும் டிராகன் வர இருபது நொடி இருக்கிறது. நீங்கள் ஜிங்க்ஸ், உங்கள் சப்போர்ட் த்ரெஷ். எதிரணியில் மால்ஃபைட் ஆற்றில் தெரிகிறான், இரண்டு பேர் அவன் பின்னால் தெரிகிறார்கள், ஸெட்டைக் காணோம். இந்த “காணோம்” என்பதுதான் திரையில் மிக முக்கியமான தகவல். அவன் எங்கே இருக்கக்கூடும் என்று மினிமேப்பில் இருட்டாக இருக்கும் இடங்களைப் பாருங்கள். உங்கள் பக்கத்துப் புதரில் வார்டு (இருட்டில் இருப்பதைக் காட்டும் கருவி) இல்லையென்றால் அதன் ஓரத்தில் நிற்காதீர்கள். த்ரெஷுக்குப் பின்னால், உங்களை அவன் பக்கம் இழுக்கும் லாந்தர் எட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

மால்ஃபைட் முன்னும் பின்னும் போய்வந்து பயம் காட்டுவான். இங்கேதான் பலர் பொறுமை இழப்பார்கள். ஒரு ராக்கெட் அடித்துவிட்டு வரலாமே என்று தோன்றும். அல்டி கையில் இருக்கும் மால்ஃபைட்டுக்கு அந்த ஒரு ராக்கெட்தான் வேண்டும். அடிக்க ஆசையாக இருந்தால், முன்னால் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் நெருக்கமாக நிற்கும் சமயம் பார்த்து அடியுங்கள். அப்போது அவனுக்கும் யார்மேல் விழுவது என்று குழப்பம் வரும். கடைசியில் அவன் பாய்கிறான், த்ரெஷும் உங்கள் மிட்டும் தூக்கப்படுகிறார்கள். நீங்கள் வெளியே இருக்கிறீர்கள். ஒன்று போயிற்று. இப்போது ராக்கெட்டோடு மால்ஃபைட்டை அடிக்கத் தொடங்குங்கள், ஆனால் ஸெட் இன்னும் பாக்கி. அதனால் சிக்கிப் பிடிக்கும் பொறிகளை முன்னால் வீசிவிடாதீர்கள். எதிரிகள் கூட்டமாகத் தெரிவதால் கை பரபரக்கும், பரவாயில்லை, வைத்திருங்கள்.

ஸெட் பக்கவாட்டிலிருந்து நிழலில் வந்து உங்கள்மேல் அல்டியைப் போடுகிறான். அவன் சிறிது நேரம் மறைந்து உங்களை ஒட்டித்தான் மறுபடி தோன்றுவான். ஆகவே பொறிகளை அந்த நொடியில் உங்கள் காலடியிலேயே போடுங்கள். அவன் அதில் மாட்டுவான் அல்லது அதற்குப் பயந்து விலகுவான். இரண்டுமே உங்களுக்கு லாபம். த்ரெஷ் தரையிறங்கியதும் அவனைத் தள்ளிவிடுவான். ஃப்ளாஷை, அதாவது சட்டென்று சிறிது தூரம் தாவும் ஸ்பெல்லை, இதற்கு முன்னால் செலவழித்திருந்தால் இங்கே முடிந்திருப்பீர்கள். ஃப்ளாஷின் கூல்டவுன் 300 நொடி, ஏறக்குறைய ஒவ்வொரு டிராகனுக்கும் ஒன்று. அதை முன்னால் பாய்ந்து ஒரு கில் எடுக்கச் செலவழிப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம், வீடியோக்களில் பார்க்க நன்றாக இருந்தாலும்.

இதற்குள் மால்ஃபைட் சாகிறான். ஜிங்க்ஸ் மூன்று நொடிக்குள் அடித்த ஒருவன் செத்தால் அவளுக்கு வேகமும் அட்டாக் ஸ்பீடும் கூடும். செத்தது டேங்க்கா கேரியா என்று அந்தப் பாஸிவ் (தானாக வேலை செய்யும் திறன்) கேட்பதில்லை. கையருகே வந்த டேங்க்கை அடித்தே அது கிடைத்துவிட்டது. இரண்டு ஆபத்துகளும் தீர்ந்தன, வேகமும் வந்தது. இப்போது முன்னால் ஓடி அவர்கள் கேரியைத் துரத்துங்கள். சாட்டில் திட்டியவர் எதிர்பார்த்ததும் இதைத்தான். நான்கைந்து நொடி முன்னதாக எதிர்பார்த்தார், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கேள்வியின் மறுபாதிக்கு வருவோம், பின்னால் நின்றால் திட்டுகிறார்களே என்பதற்கு. அவர்கள் திட்டுவதிலும் அர்த்தம் இருக்கக்கூடும். பயந்து நிற்பதும் காத்து நிற்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காத்திருப்பவருக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்று பெயர் சொல்லத் தெரியும்: “மால்ஃபைட் அல்டி.” அது விழுந்த அரை நொடிக்குள் அவருடைய முதல் அடி கிளம்பும். பயந்து நிற்பவருக்கு அப்படி ஒன்று இருக்காது. மூன்று பேர் செத்த பிறகு, இனி ஆபத்தில்லை என்று தோன்றும்போது நுழைவார். அப்போது ஆபத்து மட்டுமில்லை, சண்டையே முடிந்திருக்கும். மால்ஃபைட்டின் அல்டி விழுந்தும் நீங்கள் அடிக்கத் தொடங்கவில்லையென்றால் திட்டு நியாயமானதுதான். காத்திருக்கும் நேரத்திலும் கை சும்மா இருக்கக் கூடாது. ஆபத்தில்லாமல் எட்டுவது எதுவாக இருந்தாலும் அடியுங்கள்: மினியன், வார்டு, டிராகன், ஓரமாக நிற்கும் சப்போர்ட்.

தாமதமாக வந்து சேர்வதும் இதில்தான் சேரும். சண்டை தொடங்கிய பிறகு பக்கத்து லேனிலிருந்து ஓடி வரும் கேரி, எதிரிகள் எங்கே நிற்கிறார்கள், எது செலவாகிவிட்டது என்று எதுவும் தெரியாமல் நுழைகிறார். டிராகனுக்கு முப்பது, நாற்பது நொடி முன்னதாகவே லேனைத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். விட்டுப்போகும் ஆறேழு மினியன்களை நினைத்து வருந்த வேண்டாம்.

அடிப்பதையும் நகர்வதையும் சேர்த்துச் செய்வது, அதாவது கைட் செய்வது, தனிப் பாடம். இங்கே அடிப்படையை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு அடியிலும் இரண்டு பாகம் உண்டு. அம்போ குண்டோ கையிலிருந்து கிளம்பும்வரையான ஓங்கல் ஒன்று, கிளம்பிய பிறகு அடுத்த அடிக்கான காத்திருப்பு இன்னொன்று. ஓங்கும்போது நகர்ந்தால் அடி ரத்தாகிவிடும். கிளம்பிய பிறகு நின்றுகொண்டிருந்தால் அந்த நேரம் வீண். ஆகவே அடி கிளம்பியதும் நகருங்கள், அடுத்த அடி தயாரானதும் நில்லுங்கள். கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் அட்டாக் மூவ் கட்டளையைக் கட்டாயம் பழகுங்கள். அது இல்லாமல் எதிரியின்மேல் நேராகக் கிளிக் செய்ய முயன்று, தரையில் பட்டு, அவனை நோக்கியே நடந்து போய்ச் சாகிறவர்கள் ஏராளம். எந்தப் பக்கம் நகர்வது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. துரத்துபவனிடமிருந்து பின்னால், ஓடுபவனை நோக்கி முன்னால், நேர்கோட்டில் வரும் ஸ்கில்களுக்குப் பக்கவாட்டில். எப்போதும் பின்னால் மட்டுமே நகர்ந்தால் சுவரில் போய் முட்டுவீர்கள்.

மொபைலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அட்டாக் பட்டனை அழுத்தினால் யார் அடிபடுவார் என்பதை விளையாட்டே முடிவு செய்கிறது. மொபைல் லெஜெண்ட்ஸில் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால், குறைந்த ஹெச்பி உள்ளவனை முதலில் அடி, பக்கத்தில் இருப்பவனை முதலில் அடி என்று தேர்ந்தெடுக்கலாம். குறைந்த ஹெச்பி என்று வைத்திருந்தால், சற்றுத் தள்ளி நிற்கும் மெலிந்தவனை நோக்கி உங்கள் ஹீரோ தானாக ஒரு அடி முன்னால் எடுத்து வைக்கும். அந்த ஒரு அடி போதும். மார்க்ஸ்மேன் (தூரத்திலிருந்து அடிக்கும் கேரி) ஆடுபவர்கள் பக்கத்தில் இருப்பவன் என்று வைத்துக்கொண்டு, வேறு ஆளை அடிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் ஹீரோ லாக்கைப் பயன்படுத்துவது நல்லது. உங்கள் இரண்டு நொடிச் சாவுக்கு இந்த ஒரு செட்டிங்கே காரணமாகக்கூட இருக்கலாம், முதலில் இதைப் பாருங்கள்.

தற்காப்புப் பொருள்களைப் பற்றி ஒன்று. எதை வாங்குவது என்பது, உங்களைக் கொல்லும் அந்த இரண்டு ஸ்கில்கள் என்ன என்பதைப் பொறுத்தது. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் குயிக்சில்வர் ஸாஷ் வாங்கிவிட்டால் எல்லாவற்றிலிருந்தும் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. காற்றில் தூக்கப்படுவதை அது நீக்காது. மால்ஃபைட்டுக்கு எதிராக அதை வாங்கினால் காசு போனதுதான். மால்ஸஹார் அல்டியால் பிடித்து வைக்கும்போது அதே பொருள் உங்களை விடுவிக்கும். ஆனால் க்ளென்ஸ் ஸ்பெல் அதிலிருந்து விடுவிக்காது. மொபைல் லெஜெண்ட்ஸில் விண்ட் ஆஃப் நேச்சரை அழுத்தினால் இரண்டு நொடி உடல்சார் டேமேஜ் எதுவும் ஏறாது. பாய்ந்து வரும் அசாஸின்களுக்கு எதிராக அது உயிர்காக்கும், மேஜின் அல்டிக்கு எதிராக ஒன்றுக்கும் உதவாது. மற்றவர்களின் பில்டை, அதாவது பொருள் வரிசையை, அப்படியே எடுத்து ஆடுவதில் உள்ள குறை இதுதான்: அந்த பில்டை எழுதியவர் உங்கள் மேட்சில் எதிரணியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

டோட்டா 2 ஆடுபவராக இருந்தால் இதே பாடத்தின் மையம், எதிரியின் ஸ்கில்களிலிருந்து சில நொடி காக்கும் பிளாக் கிங் பார் என்ற பொருள். ஸ்டன் ஆன (அசைய முடியாமல் போன) பிறகு அதை அழுத்த முடியாது என்பதுதான் அதன் முழுச் சூட்சுமமும். ஆகவே மற்ற விளையாட்டுகளில் ஸ்கில் விழக் காத்திருப்பதுபோல இங்கே எப்போதும் காத்திருக்க முடியாது. உள்ளே போகும் முடிவை எடுத்த நொடியிலேயே அழுத்திவிட்டு, அது இருக்கும் சில நொடிகளுக்குள் வேலையை முடிக்க வேண்டும். பயன்படுத்தப் பயன்படுத்த அதன் நேரம் குறைந்துகொண்டே போகும் என்பதால், சின்னச் சண்டைகளில் வீணாக்கினால் பெரிய சண்டையில் வருந்துவீர்கள். இன்னொன்று: சட்டென்று தாவ உதவும் பிளிங்க் டேகர் வைத்திருக்கும் எதிரிக்கு ஒரு ஹீரோவிடமிருந்து சின்ன அடி பட்டாலே மூன்று நொடிக்கு அவனால் அதைப் பயன்படுத்த முடியாது. மேலே 1000 என்று சொன்ன இடத்தில் இங்கே பிளிங்க்கின் தூரம் 1200. அதைத் தூரத்தால் சமாளிக்க முடியாது, ஆனால் ஸ்னைப்பர் மாதிரி நீண்ட ரேஞ்ச் உள்ளவர்கள் மூன்று நொடிக்கு ஒரு முறை அவனைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அவன் பாயவே மாட்டான். பைபேக்குக்கான (செத்ததும் உடனே உயிர்பெறுவதற்கான) தங்கத்தைக் கடைசிக் கட்டத்தில் கையில் வைத்திருப்பதும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். செத்தாலும் சண்டையில் உங்கள் நொடிகள் தீர்ந்துவிடுவதில்லை.

ஓவர்வாட்ச் போன்ற துப்பாக்கி விளையாட்டுகளில் ‘பக்கத்தில் இருப்பவனை அடி’ என்பது பாதிதான் பொருந்தும். டேங்க்கைச் சுட்டுக்கொண்டே இருந்தால் உங்கள் அல்டி நிரம்பும், உண்மைதான். ஆனால் அவனைக் குணப்படுத்திக்கொண்டே இருக்கும் எதிரி சப்போர்ட்டுகளின் அல்டியும் கூடவே நிரம்பும். டேங்க்கோ சாக மாட்டான். 2022 அக்டோபரில் வந்த ஓவர்வாட்ச் 2-இல் ஐந்து பேர் கொண்ட அணியில் ஒரு டேங்க், இரண்டு டேமேஜ், இரண்டு சப்போர்ட். எதிரே ஒரே ஒரு கேடயம்தான், அது ஒரு பக்கம்தான் பார்க்க முடியும். ஆகவே உங்கள் டேங்க்குக்குப் பின்னாலேயே நின்று சுடாமல், பக்கவாட்டில் ஒரு கோணத்துக்குப் போங்கள். எதிரிகள் உங்களைப் பார்த்துத் திரும்பினால் உங்கள் டேங்க் சுலபமாக முன்னேறும். திரும்பாவிட்டால் நீங்கள் கேடயமில்லாத பக்கத்திலிருந்து சுட்டுக்கொண்டிருக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு எட்டில் மறையக்கூடிய சுவரோ தூணோ பக்கத்தில் இருக்க வேண்டும், உங்கள் சப்போர்ட்டின் கண்ணுக்குத் தெரியும்படியும் இருக்க வேண்டும். எதிரியின் முதுகுக்குப் பின்னால்வரை போவது வேறு வேலை, அதற்கென்றே ட்ரேஸர், கெஞ்சி போன்றவர்கள் இருக்கிறார்கள்.

அசாஸின் ஆடுபவர்களுக்கு இந்தப் பதிலில் பெரும்பகுதி தலைகீழ். அவர்கள் பின்வரிசைக்குத்தான் போக வேண்டும், போய்த் திரும்பியும் வர வேண்டும். அதை இங்கே இழுத்தால் முடியாது.

கூட ஆடுபவர்களிடம் என்ன கேட்பது? சண்டைக்கு முன்னால் ஒரே ஒரு விஷயம்: யார் என் பக்கத்தில் நிற்பார்கள்? சப்போர்ட் பாய்ந்து சண்டையைத் தொடங்கும் ஆளாக இருந்தால் உங்களைக் காக்க வேறு யாராவது வேண்டும். “ஸெட் வந்தால் என்மேல் இருப்பான், ஸ்டன்னை வைத்திரு” என்று மிட்டிடம் முன்கூட்டியே ஒரு வரி எழுதினால் பாதிப் பேர் கேட்பார்கள். செத்த பிறகு “பீல் எங்கே” (என்னைக் காக்க ஏன் வரவில்லை) என்று கேட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், அடுத்த சண்டையிலும் வர மாட்டார்கள். பீல் செய்ய ஆளே இல்லாத மேட்சும் வரும். அப்போது இன்னும் ஒரு படி தாமதமாக நுழைவதைத் தவிர வழியில்லை.

சண்டை ஜெயித்த பிறகு நடப்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேரிகள் அங்கேயும் சாகிறார்கள். மூன்று பேர் செத்து இரண்டு பேர் ஓடுகிறார்கள். அவர்களை அவர்கள் காட்டுக்குள் துரத்தாதீர்கள். டவரை வேகமாக இடிக்கவும், பேரன் (Baron) என்ற பெரிய மிருகத்தை வேகமாகக் கொல்லவும் கூடிய ஆள் அணியில் நீங்கள்தான். மேட்சின் கடைசிக் கட்டத்தில் ஒரு சாவு என்றால் நாற்பது, ஐம்பது நொடி வெளியே உட்கார வேண்டும். எதிரிகள் அத்தனை நொடி இல்லாதபோது துரத்திப் பிடிக்கும் நான்காவது கில்லைவிட ஒரு இன்ஹிபிட்டர் (எதிரி தளத்தின் முக்கியக் கட்டிடம்) மேல்.

பயிற்சிக்கு வருவோம். மேட்ச் முடிந்ததும் வரும் டேமேஜ் பட்டியலைப் பார்த்துத் திருப்தியோ வருத்தமோ பட வேண்டாம். தூரத்திலிருந்து டேங்க்மேல் போட்ட ஸ்கில்களெல்லாம் அதில் சேர்ந்திருக்கும், சண்டையை முடித்த ஐந்து அடியும் அதே எண்ணுக்குள் கரைந்திருக்கும். அதற்குப் பதிலாக ரீப்ளேயைத் திறந்து, நீங்கள் செத்த டீம் ஃபைட்டுகளை மட்டும் பாருங்கள். உங்கள் முதல் அடிக்கும் சாவுக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். எந்த ஸ்கில் உங்களைப் பிடித்தது, அது கையில் இருக்கிறது என்று அந்த நொடியில் உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஸ்கில்தான் திரும்பத் திரும்ப வரும். அடுத்த சில மேட்சுகளில் அந்த ஒன்றை மட்டும் கவனித்து ஆடுங்கள். கில்லோ வெற்றியோ வராவிட்டாலும் அந்த நொடிக் கணக்கு ஏறினால் நீங்கள் முன்னேறுகிறீர்கள்.

மற்றவர் ஆட்டத்தைப் பார்த்துக் கற்க வேண்டுமானால், வர்ணனையாளர் காட்டும் இடத்தைப் பார்க்காமல் கேரியை மட்டும் கண்ணால் தொடருங்கள். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸின் 2022 உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி நல்ல தேர்வு. டிஆர்எக்ஸ் அணி டி1 அணியை 3-2 என்று வென்றது, ஐந்து ஆட்டமும் முழுதாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கம் டெஃப்ட், மறுபக்கம் குமாயுசி, இருவருமே ஏடிசி, அதாவது தூரத்திலிருந்து அடிக்கும் கேரி. ஒவ்வொரு சண்டையிலும் அவர்களுடைய முதல் அடி எப்போது கிளம்புகிறது, அதற்கு முன்னால் எதிரணியில் எது செலவாகியிருந்தது என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒரு ஆட்டம் பார்த்தாலே போதும்.

எந்த ஹீரோவோடு பழகுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் ஆஷ் அல்லது கெய்ட்லின் எடுங்கள். ஆஷின் ரேஞ்ச் 600, கெய்ட்லினுக்கு 650. ஆஷிடம் தப்பித்துப் பாயும் ஸ்கில் எதுவும் இல்லை, அதனால் நிற்கும் இடம் தப்பானால் உடனே தண்டனை கிடைக்கும். அதுதான் இப்போது உங்களுக்கு வேண்டும். வெய்னை, அவளுடைய 550 ரேஞ்சோடும் உருண்டு பாயும் ஆசையோடும், கொஞ்ச நாள் கழித்து எடுத்துக்கொள்ளலாம்.